இருவராய் உலவும் காவலர்

உரோமாபுரியைக் காணச் செல்வோரிற் பெரும்பாலார் இரண்டையே நாடிச் செல்கின்றனர். ஒன்று, பழைய பேரரசின் இடிபாடுகள். மற்றொன்று, பாப்பரசரின் பேராலயம். இவ்விரண்டையும் நாமும் குறைவின்றிக் கண்டோம். ஆயின், எம்மை அந்நாட்டுக்கு இழுத்துச் சென்றது வேறொரு பொருள். ஒருவருக்கொருவர் சற்றும் பொருந்தாத இரு மனிதரைக் காவற் பணியென்னும் ஒரே நுகத்திற் பூட்டி, அவர்கள் படும் பாட்டைக் காட்டிச் சிரிப்பூட்டும் திரைப்படங்களை இத்தாலியர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எடுத்து வருகின்றனர். ஒருவர் மலைபோற் பருத்தவர், மற்றவர் ஈர்க்குப்போல் மெலிந்தவர். ஒருவர் சட்டப் புத்தகத்தை விட்டு அசையாதவர், மற்றவர் அப்புத்தகத்தைத் திறந்தும் பாராதவர். அப்படங்களைப் பார்த்துச் சிரித்த நாம், அவை பிறந்த தெருக்களையும் ஊர்களையும் ஒருமுறை கண்ணாற் காண விரும்பினோம்.

"படம் பார்க்கக் கொட்டகைக்குப் போனாற் போதும், அதற்காகக் கடல் கடக்கவும் வேண்டுமோ?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அன்று அவருக்கு நாம் விடை கூறவில்லை. இக்கட்டுரை அவர் கண்ணிற் படுமாயின் அதனையே விடையாகக் கொள்வாராக.

குடியரசுத் தலைவரின் மாளிகை அமைந்துள்ள குயிரினாலேக் குன்றின்மேல், பெர்னீனி என்னும் பெருஞ்சிற்பி கட்டிய புனித அந்திரேயா ஆலயத்தை அடுத்து ஒரு சிறு பூங்கா உண்டு. அங்கே இரு காவலரின் வெண்கல உருவங்கள் நிற்கின்றன. புயற்காற்று எதிர்த்து வீச, நீண்ட மேலங்கிகள் பின்னே பறக்க, தலைகுனிந்து இருவரும் ஒருவரையொருவர் ஒட்டினாற்போல் நடக்கின்றனர். அந்தோனியோ பெர்த்தி என்னும் சிற்பி வடித்த உருவம் அது. கரபினியேரிப் படையின் இருநூறாவது ஆண்டு நிறைவை ஒட்டி 2014இல் அங்கே நிறுவப்பட்டது. உலகின் பிற நகரங்களிலே வீரருக்குச் சிலை வைக்கும்போது குதிரைமேல் ஒருவனைத் தனியே ஏற்றி வைப்பதே வழக்கம். இங்கோ குதிரையும் இல்லை, தனிமையும் இல்லை. இருவர், கால்நடை, கெட்ட காலநிலை. இத்தாலியக் காவலரை அறிய விரும்புவோர் முதலிற் காண வேண்டியது இச்சிலையே என்பது எமது கருத்து.

கரபினியேரி என்போர் யார் என்பதைச் சிறிது கூறவேண்டும். இத்தாலி ஒரே நாடாவதற்கு முன்னர், 1814ஆம் ஆண்டு, தூரின் நகரிலிருந்து ஆண்ட சார்தீனிய மன்னர் முதலாம் விற்றோரியோ இம்மானுவேல் தோற்றுவித்த படை அது. படைவீரரின் ஒழுங்கும் காவலரின் கடமையும் அவர்க்கு ஒருங்கே உரியன. கரிய உடை, காற்சட்டையின் ஓரத்திற் சிவப்புக் கோடு, விழா நாட்களில் இருமுனைத் தொப்பி. இவர்கள் ஒருபுறமிருக்க, அரசாங்கப் பொலிஸ் என்று வேறொரு படையும் உண்டு. அது 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் படைத்துறைக் கட்டு நீங்கிச் சிவில் சேவையாயிற்று. வரி ஏய்ப்போரையும் கள்ளக் கடத்தல்காரரையும் பிடிக்கும் சாம்பல்நிற உடுப்பினர் மூன்றாமவர். தெருவில் வண்டிகளை ஒழுங்குசெய்யும் நகரசபைக் காவலர் நான்காமவர். திருட்டுக் கொடுத்தவன் தொலைபேசியை எடுத்தால், பொலிசுக்கு 113, கரபினியேரிக்கு 112 என இரண்டு எண்கள் நெடுங்காலம் இருந்தன. யாரை அழைப்பது என்று எண்ணி முடிப்பதற்குள் கள்வன் ஊரைக் கடந்திருப்பான் என இத்தாலியரே கேலி பேசுவர். நகைச்சுவைப் படம் எடுப்பவனுக்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

கரபினியேரி பெரும்பாலும் இருவராகவே உலவுவர். மலைநாட்டுப் பாதைகளிற் கள்வர் கூட்டம் மலிந்திருந்த காலத்தில் தனியே சென்றவன் திரும்பி வருவது அரிது. ஆகவே, இருவர் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. ஆனால் மக்கள் வேறொரு காரணம் சொல்வர். ஒருவருக்கு வாசிக்கத் தெரியுமாம். மற்றவருக்கு எழுதத் தெரியுமாம். இவ்வகைச் சிரிப்புக் கதைகள் அந்நாட்டில் எண்ணில. சிறுவர் நூலாகிய பினோக்கியோவிலேயே இதன் வித்தைக் காணலாம். 1883இல் நூலாக வந்த அக்கதையில், ஓடிப்போகும் மரப்பொம்மையை மூக்கிற் பிடித்து நிறுத்துபவர் ஒரு கரபினியேரிக் காவலர். எனினும் சிறைக்குச் செல்பவனோ குற்றமற்ற கிழவன் ஜெப்பெத்தோ. பிற்பகுதியில் இரு காவலர் பொம்மையை நடுவிலே விட்டு இருபுறமும் நடந்து செல்கின்றனர். பின்னர் வந்த திரைப்படங்கள் பலவற்றுக்கும் அந்த ஊர்வலமே முன்னோடி எனலாம்.

இப்படிச் சிரிக்கும் மக்களே கரபினியேரியை நேசிக்கவும் செய்கின்றனர். 1943ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள், உரோமாபுரிக்கு வடமேற்கே கடலோரத்திலுள்ள பாலிதோரோ என்னும் இடத்தில், வெடிவிபத்தொன்றில் இறந்த தம் வீரருக்குப் பழிவாங்கும் பொருட்டு ஜேர்மன் படையினர் 22 பொதுமக்களைச் சுட்டுக்கொல்ல நிறுத்தினர். சல்வோ தக்குவிஸ்தோ என்னும் இளம் கரபினியேரி அலுவலர், குற்றம் தம்முடையதே எனப் பொய்யாக ஏற்று, அவர்களை விடுவித்துத் தாம் உயிர்விட்டார். அவருக்கு வயது 22. இவரைப் பற்றிய பேச்செழும்போது சிரிப்புக் கதை சொல்லும் எவரும் தொப்பியைக் கழற்றுவர். வத்திக்கானை அடுத்த ரிசோர்ஜிமென்றோச் சதுக்கத்தில் இப்படையின் வரலாற்று நூதனசாலை இருக்கிறது. வாள்களும் கொடிகளும் அங்கே நிறைய உண்டு; எமக்கு நேரம் குறைவாக இருந்தது.

இனி, கதை தொடங்கும் இடத்துக்கு வருவோம். அது பழைய உரோமரின் பொதுமன்றமாகிய போரும். செனற்சபையார் நடந்த கல்வழியிலே இன்று உல்லாசப் பயணிகள் நடக்கின்றனர். 1951இல் வெளிவந்த 'காவலரும் கள்வரும்' என்னும் படத்தின் தொடக்கத்தில், தொத்தோ என்னும் நடிகர் இவ்விடிபாடுகளிடையே நின்று, புதிதாய்ச் செய்த நாணயமொன்றை அப்போதுதான் மண்ணிலிருந்து கிடைத்த பழம்பொருளென நடித்து, ஓர் அமெரிக்கரிடம் விற்கிறார். ஸ்தேனோவும் மாரியோ மொனிச்செல்லியும் சேர்ந்து இயக்கிய படம் அது. துப்பறியும் இருவரின் கதையன்று. ஒரு காவலனும் ஒரு கள்வனுமே அதன் இருவர். எனினும், பின்னே வந்த பொருந்தா இணைகள் எல்லாம் இவ்விருவரின் நிழலில் வளர்ந்தவை என்றே எமக்குத் தோன்றுகிறது. ஆதலின் இதைப் பற்றிச் சற்று விரித்துரைக்கிறோம்.

ஏமாந்த அமெரிக்கர் வெறும் பயணியல்லர். ஏழைகளுக்கு உதவிப் பொதி வழங்கும் குழுவொன்றின் தலைவர். பொதி பெறப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் கள்வனை அவர் கண்டுகொள்கிறார். அல்தோ பப்ரீட்சி நடித்த பருத்த பொலிஸ் சார்ஜன்ட் கள்வனைத் துரத்துகிறார். வண்டியில் தொடங்கிய துரத்தல் கால்நடையாக மாறி நகரின் எல்லையைக் கடந்து வயல்வெளிக்குச் செல்கிறது. அங்கே இருவருக்கும் மூச்சு நின்றுவிடுகிறது. சில அடி இடைவெளியில் இருவரும் புல்லில் அமர்கின்றனர். எழுந்து வந்து பிடிக்கக் காவலருக்கு வலுவில்லை. எழுந்து ஓடக் கள்வனுக்கும் வலுவில்லை. சட்டமும் குற்றமும் பக்கத்திற் பக்கத்தில் இருந்து இளைக்கின்றன. பின்னர் கள்வன் பிடிபடுகிறான். சாக்குச் சொல்லித் தப்பியும் விடுகிறான்.

இவ்விடத்திலேதான் சிரிப்பு வேறு நிறம் கொள்கிறது. கள்வனைத் தப்ப விட்டதற்காகச் சார்ஜன்ட் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார். மூன்று மாதத்துள் அவனைப் பிடிக்காவிடில் விசாரணை, உத்தியோகம் போகும், ஓய்வூதியமும் போகும். வீட்டாரிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கள்வனின் வீடு இருக்கும் பகுதிக்குச் சாதாரண உடையிற் சென்று அவன் குடும்பத்துடன் நட்பாகிறார். மனைவியர் இருவரும் உறவாடுகின்றனர். பிள்ளைகள் கூடி விளையாடுகின்றனர். காவலரின் மகளும் கள்வனின் மைத்துனனும் காதல் கொள்கின்றனர். ஈற்றில், விருந்துண்ண வந்த வீட்டிலே காவலரும் கள்வரும் எதிரெதிரே நிற்கின்றனர். உள்ளே பெண்கள் உணவு பரிமாறிக் காத்திருக்க, மொட்டைமாடிப் பேச்சுப்போல் மெல்லிய குரலில் அவர்கள் பேசுகின்றனர். தன்னைப் பிடிக்காவிடில் இந்த மனிதரின் குடும்பம் பட்டினி கிடக்கும் என்பதைக் கள்வன் உணர்கிறான். வியாபார அலுவலாக வெளியூர் போவதாக வீட்டாரிடம் சொல்லிப் புறப்படுகிறான். தயங்கி நிற்பவர் காவலர். அவரைச் சிறைச்சாலைப் பக்கமாக இழுத்துச் செல்பவன் கள்வன்.

காவலரையும் கள்வரையும் ஒரே தட்டில் வைத்ததை அக்காலத் தணிக்கையாளர் விரும்பவில்லை. படம் அவர்களிடம் இடர்ப்பட்டே வெளிவந்தது. 1952இல் கான் பட விழாவில் திரைக்கதைக்கான பரிசு இதன் எழுத்தாளருள் ஒருவராகிய பியேரோ தெல்லீனிக்குக் கிடைத்தது. பப்ரீட்சி உரோமாபுரியிற் பிறந்தவர். 1945இல் வந்த 'உரோமை, திறந்த நகரம்' என்னும் படத்தில் ஜேர்மானியராற் சுட்டுக் கொல்லப்படும் பாதிரியாராக நடித்து உலகை அழவைத்தவர். தொத்தோவோ நேப்பிள்ஸ் நகரத்தார். இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கள்வனாக நடித்த இந்தத் தொத்தோ, பைசாந்தியப் பேரரசர் வழிவந்த இளவரசர் என்று நீதிமன்றத் தீர்ப்பே பெற்றிருந்தார்! பெயரும் பட்டங்களும் எழுதினால் இப்பத்தியின் பாதி நிறையும்.

அக்கால உரோமாபுரியின் புறநகரைத் தேடி நாம் தூஸ்கொலானா வீதி வழியே சென்றோம். வயல்களை இன்று காண்பதரிது. போருக்குப் பின் அரசாங்கம் தொழிலாளருக்கெனக் கட்டத் தொடங்கிய மாடிவீடுகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அவ்வீதியில் 1937ஆம் ஆண்டு ஏப்ரில் 28ஆம் நாள் திறக்கப்பட்ட சினெசிற்றா என்னும் படப்பிடிப்பு நகர் இருக்கிறது. முசோலினியின் ஆட்சிக்குப் புகழ் தேடக் கட்டப்பட்ட இந்நகர், போர்க்காலத்திற் குண்டுவீச்சுக்கு இலக்காகி, பின்னர் வீடிழந்த அகதிகளின் முகாமாக இருந்தது. நாடக மாளிகைகளும் அரண்மனைகளும் வரைந்த திரைகளுக்கிடையே உண்மையான குடும்பங்கள் சமைத்துண்டன. 'பென் ஹர்' போன்ற பெரும் படங்கள் வந்தது அதன் பின்னரே. இப்போது காட்சிக்கூடமும் உண்டு. ஆயினும், அருகிலுள்ள நீர்க்கால்வாய்ப் பூங்காவே எமக்கு அதிகம் பிடித்தது. குளோடியசு மன்னர் காலத்து வளைவுகள் புல்வெளியில் நெடுந்தூரம் செல்கின்றன. அவற்றின் நிழலில் அமர்ந்தபோது, மூச்சிரைக்கும் இருவரை அங்கே கற்பனை செய்வது கடினமாக இருக்கவில்லை.

மறுநாள் மலையேறினோம். உரோமாபுரிக்குக் கிழக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றரில் பலெஸ்திரீனா என்னும் பழைய ஊர் இருக்கிறது. பண்டை நாளில் நற்பேற்றின் தேவதைக்குக் கட்டிய பெருங்கோயிலின் மேலேயே இடைக்கால ஊர் எழுந்திருந்தது. 1944இல் விழுந்த குண்டுகள் வீடுகளை அழித்தபோது கோயிலின் படித்தளங்கள் வெளிப்பட்டன. அங்குள்ள நூதனசாலையில் நைல் நதியைச் சிறு கற்களாற் காட்டும் சித்திரமொன்று உண்டு. முதலையும் நீர்யானையும் அதில் விளையாடுகின்றன. நற்பேற்றின் தேவதை ஊரார்க்குச் செய்த உதவி விந்தையானதே!

அங்கிருந்து இன்னும் மேலே, கடல்மட்டத்துக்கு 700 மீற்றருக்கு மேல், கஸ்தெல் சன் பியேத்ரோ உரோமானோ என்னும் சிற்றூர். ஆயிரம் பேரும் அங்கே இல்லை. ஒரு சதுக்கம், ஒரு கோயில், உச்சியில் கொலொன்னாக் குடும்பத்தாரின் இடிந்த கோட்டை. வானம் தெளிந்த நாளில் உரோமாபுரிச் சமவெளி முழுவதும் காலடியில் விரியும். 1953இல் லூயிஜி கொமென்சீனி இங்கே ஒரு படம் எடுத்தார். படத்தில் ஊரின் பெயர் சல்யேனா. படத்தின் பெயர் 'பாண், காதல், கற்பனை'.

பாண் என்றதும் ஒரு சொல். இத்தாலியர் ரொட்டியைப் பானே என்பர். நாம் நாள்தோறும் கடையில் வாங்கும் பாணும் அச்சொல்லின் தங்கையே. போர்த்துக்கேயர் வழியாக எம் தீவுக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாயிரம் மைல் தூரத்து மலையூரின் வெதுப்பகத்திலே எமது கிராமத்துச் சொல்லைக் கேட்டபோது உள்ளம் குளிர்ந்தது. படத்தின் பெயருக்கு விளக்கம் படத்திலேயே உண்டு. தெருவோரம் அமர்ந்து பாண் தின்னும் ஏழையொருவனிடம், பாணுக்குள் என்ன வைத்திருக்கிறாய் என்று காவல் அதிகாரி கேட்க, அவன் பாணைப் பிளந்து காட்டி, கற்பனை என்கிறான். உள்ளே ஒன்றுமில்லை.

அந்த அதிகாரியாக நடித்தவர் விற்றோரியோ டி சிக்கா. சைக்கிளைப் பறிகொடுத்த ஏழைக்குப் பொலிஸ் உதவாத கதையை 1948இற் படமாக்கி உலகப் புகழ் பெற்ற அதே டி சிக்கா, ஐந்து ஆண்டுகளின் பின் தாமே காவலர் உடை தரித்தார். தலை நரைத்தும் மீசை முறுக்கும் கரொதெனூத்தோ என்னும் கரபினியேரி அதிகாரி, தென்னாட்டு வாய்வீச்சுக்காரர். அவர்கீழ்ப் பணிபுரியும் ஸ்தெல்லூத்தியோ, பெண்ணைக் கண்டாற் சிவந்து போகும் வடநாட்டு இளைஞன். இருவர் கண்ணும் ஜீனா லொல்லோபிரிஜிடா நடித்த, கழுதைமேல் வரும் ஏழைப் பெண்ணின்மேல் விழுகிறது. இணைக்குள் இவ்வேற்றுமை தற்செயலாக வந்ததன்று. கரபினியேரிக் காவலரைச் சொந்த ஊரிற் பணிக்கு அமர்த்துவதில்லை என்பது படையின் பழைய வழக்கம். உறவும் பகையும் இல்லாத ஊரிலே நடுநிலை பிறழான் என்பது கருத்து. அதனால் மலைச்சிற்றூரொன்றின் சிறு காவல் நிலையத்திலே பேச்சும் உணவும் பழக்கமும் வேறான மனிதர் ஒரே மேசையில் உண்ண நேர்ந்தது. 1861இல் ஒன்றான நாடு, மனத்தால் ஒன்றாவதற்கு அம்மேசைகள் ஆற்றிய பணி பெரிது. படமெடுப்போர் அதைச் சிரிப்பாக்கினர்.

ஊர்ப் பெண்ணை மணக்கவும் காவலருக்குத் தடைகள் இருந்தன. ஸ்தெல்லூத்தியின் காதலுக்கு முட்டுக்கட்டை இட்டது அவன் வெட்கம் மட்டுமன்று, ஒழுங்குவிதியுங்கூட. அடுத்த ஆண்டு வந்த தொடர்ப்படத்தில் அதிகாரிக்கே அந்தச் சோதனை வருகிறது. அவர் மணக்க விரும்பும் மருத்துவிச்சி, மணமாகாமலே ஒரு பிள்ளைக்குத் தாயானவள். அவளை மணந்தால் உடையைக் கழற்ற வேண்டும். கொட்டகையிற் சிரித்துக்கொண்டிருந்த எத்தனை காவலர் அந்தக் கட்டத்தில் மௌனமாகியிருப்பார்களோ! முதற்படத்தில் ஒரு காட்சி எமக்கு மிக விருப்பமானது. ஏழைப் பெண்ணின் வறுமை கண்டு அதிகாரி யாரும் அறியாமல் 5000 லீரா நோட்டொன்றை அவள் வீட்டில் விட்டுச் செல்கிறார். புனித அந்தோனியார் செய்த புதுமை என்று ஊர் கொண்டாடுகிறது. உண்மையைச் சொல்லவும் முடியாமல், புகழை விடவும் மனமில்லாமல் அவர் முகம் படும் பாடு பெரு நடிப்பு. அக்காட்சியைப் பற்றி அவ்வூர்ச் சதுக்கத்திற் கோப்பி அருந்திக்கொண்டு நாம் பேசியபோது, பக்கத்து மேசையிலிருந்த முதியவர் இரண்டு விரலால் மீசையைத் தடவி டி சிக்காவைப்போல் நடித்துக் காட்டினார்.

சிரிப்பை முற்றும் மறக்கச்செய்யும் இடமொன்றையும் உரோமாபுரியின் வடபகுதியிற் கண்டோம். பானி வீதி என்பது அதன் பெயர். மாடிவீடுகளும் மரங்களும் நிறைந்த அமைதியான தெரு. 1978ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் காலை, முன்னாட் பிரதமர் அல்தோ மோரோவைக் கடத்திய செம்படைக் குழுவினர், அவருடைய மெய்காவலர் ஐவரை அங்கே சுட்டுக் கொன்றனர். அவர்களுள் இருவர் கரபினியேரி, மூவர் பொலிசார். இரண்டு படைகளின் போட்டியைப் பற்றி எத்தனையோ கதைகள் சொல்லும் நாட்டிலே அந்தக் கல்லில் ஐந்து பெயரும் ஒருங்கே நிற்கின்றன. அத்தெருவில் நாம் அதிக நேரம் நிற்கவில்லை.

அந்தக் கொடிய ஆண்டுகளில் இத்தாலியக் கொட்டகைகளில் துப்பாக்கி வெடிக்கும் பொலிஸ் படங்கள் பெருகின. அவற்றுக்கு நடுவே துப்பாக்கியை வெறுக்கும் ஒரு பொலிஸ் அதிகாரியும் வந்தார். அவரைக் காண நேப்பிள்சுக்குப் புகையிரதம் ஏறினோம். விரைவு வண்டியில் ஒரு மணிக்குச் சற்று மேலான பயணம்.

1973இல், 'காவலரும் கள்வரும்' படத்தை இயக்கிய அதே ஸ்தேனோ, 'பியெதோனே' என்னும் படத்தை இந்நகரத்துத் துறைமுகத்தில் எடுத்தார். பெரும்பாதன் என்பது பொருள். நாயகர் பட் ஸ்பென்சர். பெயரைக் கண்டு அமெரிக்கர் என எண்ண வேண்டாம். கார்லோ பெதெர்சோலி என்னும் அவர் 1929இல் இந்நகரிற் பிறந்தவர். நூறு மீற்றர் நீச்சலை ஒரு நிமிடத்துக்குள் முடித்த முதல் இத்தாலியர். 1952இலும் 1956இலும் ஒலிம்பிக் பந்தயங்களில் நீந்தியவர். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற பருமனும் கொண்ட அவர், திறந்த கையால் அறைந்தே கயவரை வீழ்த்துவார். அவர் பக்கத்திற் கபூத்தோ என்னும் சின்னஞ்சிறு உதவியாளராக என்சோ கன்னவாலே நிற்பார். கப்பலருகே கட்டிய தோணி போன்ற காட்சி அது.

ஆயினும், படத்தின் உயிர் அறையில் இல்லை. துறைமுகத்தில் சிகரெட் கடத்தி வயிறு வளர்க்கும் சிறு கள்வரை அந்த அதிகாரி கண்டும் காணாததுபோல் விடுவார். போதைப்பொருளைக் கொண்டுவருவோரை மட்டும் விடமாட்டார். புதிதாய் வரும் மேலதிகாரிக்கு இது விளங்குவதில்லை. சட்டம் சட்டமே என்பார் அவர். கதைக்கு வெளியே நோக்கினால், அக்காலத்து நேப்பிள்சில் கள்ளச் சிகரெட் ஒரு நகரத் தொழிலாகவே இருந்தது. நீலவர்ணம் பூசிய விரைவுப் படகுகள் வெளிப்படையாகவே குடாவிற் பாய்ந்தன. படம் வெளிவந்த 1973ஆம் ஆண்டிலேதான் வாந்திபேதியும் அந்நகரைத் தாக்கியது. அப்பசியையும் நோயையும் அறிந்தவரே பெரும்பாதனின் கண்மூடலை மெச்சினர். எமக்கோ ஓர் ஐயம் இருந்தது. சிறு கள்வனை விட்டுப் பெருங்கள்வனைப் பிடிப்பதென்பது படத்தில் எளிது. சிகரெட் வந்த அதே படகில் பின்னர் என்னென்ன வந்தன என்பதை அந்நகரத்தாரே அறிவர். இவ்வையத்தை ஓர் உணவகத்தில் மெல்ல வெளியிட்டோம். பரிமாறியவர் புன்னகைத்து, இன்னும் சிறிது பாண் கொண்டுவந்து வைத்தார்.

பட் ஸ்பென்சர் நீலக் கண்ணராகிய ரெரன்ஸ் ஹில்லோடு சேர்ந்து நடித்தவை தனி வகை. 1977இல் வந்த ஒரு படத்தில், கடையைக் கொள்ளையிடப் போன இருவர் தவறிப் பொலிசுக்கு ஆள்சேர்க்கும் அலுவலகத்துள் நுழைந்து, வேறு வழியின்றிப் பொலிஸ்காரராகவே சேர்ந்துவிடுகின்றனர். சிரித்து வயிறு வலிக்கும். ஆயின், கதை நடப்பது அமெரிக்காவின் மயாமி நகரில். அதனாற்போலும், பார்த்து முடிந்ததும் மனத்தில் ஊர் எதுவும் தங்குவதில்லை. 1984இல் கார்லோ வெர்தோனேயும் என்ரிக்கோ மொந்தெசானோவும் நடித்த 'இரு கரபினியேரி' இன்னும் வீட்டுக்கு அண்மையிலுள்ளது. ரெரன்ஸ் ஹில் 2000ஆம் ஆண்டு முதல் இருபதாண்டுக்கு மேல் தொலைக்காட்சியிற் பாதிரியார் மத்தேயோவாக வந்து குப்பியோ, ஸ்பொலேத்தோ என்னும் அம்பிரிய ஊர்களுக்குப் பயணிகளைக் கூட்டினார். அங்கேயும் பரபரப்பான சார்ஜன்ட் ஒருவரும் அமைதியான கப்தான் ஒருவரும் தப்பாமல் உண்டு.

கடைசி நாள் மாலை சனித்தா என்னும் பகுதிக்குச் சென்றோம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிற் கட்டிய பெரும் பாலமொன்று இப்பகுதியின் தலைக்கு மேலால் செல்கிறது. பாலத்திலிருந்து மின்தூக்கியில் கீழே இறங்க வேண்டும். குறுகிய சந்துகள், மாடத்துக்கு மாடம் உலரும் துணிகள், மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். இந்நகரில் எம் நாட்டவர் பலர், பெரும்பாலும் சிங்கள மக்கள், வேலைசெய்து வாழ்கின்றனர். தமிழர் அதிகம் வாழ்வது சிசிலித் தீவின் பலெர்மோவில். சந்தைக்குப் போய்வரும் எம்மவர் முகங்களைத் தெருவிற் கண்டபோது அந்நியம் சற்றுக் குறைந்தது.

சந்த மரியா அந்தேசேக்குலா என்னும் சந்தில் 1898இல் தொத்தோ பிறந்த வீடு இருக்கிறது. மணமாகாத தாய்க்குப் பிறந்து வறுமையில் வளர்ந்தவர். 1967ஏப்ரில் 15ஆம் நாள் உரோமாபுரியில் இறந்தார். அவருக்கு இறுதிச் சடங்கு மூன்று முறை நடந்தது. முதலாவது உரோமாபுரியில். இரண்டாவது நேப்பிள்சில், வந்த கூட்டத்தைத் தேவாலயமும் சதுக்கமும் தாங்கவில்லை. மூன்றாவது இந்தச் சனித்தாவில், ஒரு மாதத்தின் பின். எங்கள் பிள்ளைக்கு எங்கள் தெருவிலே சடங்கு நடக்க வேண்டும் என்று மக்கள் பிடிவாதம் பிடித்தனர். உடலோ முன்னரே அடக்கமாகிவிட்டது. ஆகவே வெறும் பெட்டியைச் சுமந்து சென்றனர். அதன் பின்னே ஆயிரக்கணக்கானோர் மெய்யாகவே அழுதுகொண்டு நடந்தனர்.

நேப்பிள்சில் புனித கிரெகோரியோ அர்மெனோ என்னும் தெரு களிமண் பொம்மைகளுக்குப் பேர்போனது. பாலன் பிறப்புக் குடிலுக்கு வேண்டிய இடையரும் ஆடுகளும் மட்டுமன்றி, நடிகரும் விளையாட்டு வீரரும் அங்கே விற்பனைக்கு உண்டு. ஒரு விரல் உயரத் தொத்தோ ஒன்றை விலைபேசி வாங்கிக்கொண்டு, அவரைத் துரத்திய பருத்த சார்ஜன்டும் கிடைக்குமா என்று வினவினோம். கடைக்காரர் பெருமூச்செறிந்தார். பப்ரீட்சி நல்ல நடிகர்தான், ஆனால் உரோமாபுரிக்காரராயிற்றே, அவரை இங்கே யார் செய்வார் என்றார். பின்னர் பெட்டியொன்றைக் கிளறி, அவ்வளவு பருமன் இல்லாத வேறொரு காவலர் பொம்மையை எடுத்து வைத்து, இவருக்கு ஓடவும் முடியும் என்று சிபாரிசு செய்தார். வேண்டாம் என்று கூறி, தொத்தோவைத் தனியாகவே காகிதத்திற் சுற்றி எடுத்துக்கொண்டோம்.